மூன்று கட்டம் வலது பக்கம்

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று அடித்த பெஞ்சு. நாற்பத்தொன்பது வயசுச் செண்பகவல்லி டீச்சரின் முட்டியை அளந்து யாரும் அடிக்கவில்லை. காலை நீட்டினால் முன்னால் இருக்கிற காளீஸ்வரியின் பையில் படுகிறது, மடக்கினால் பலகையில் படுகிறது, எங்கேயாவது பட்டுத் தொலையட்டும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம், ஆபீஸ் ரூமிலிருந்து தூக்கிவந்து போட்ட நாற்காலியில் எச்.எம். பிரேமலதா. மடியில் ஒரு மஞ்சள் தாள், கையில் மூடி திறந்த பேனா. செண்பகவல்லியிடமும் அதே மஞ்சள் தாள்தான். குரல், பலகைப் பயன்பாடு, மாணவியர் பங்கேற்பு, கடைசியாகப் ‘பிழை இருப்பின்’ என்று ஒரு கட்டம். மூன்றாவது பீரியட் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அந்தக் கடைசிக் கட்டத்தை அவள் நாலு தடவை படித்துவிட்டாள். முன்னால் நிற்கிறது ஹெப்சிபா. பிள்ளைகள் காலை மணியிலிருந்து சாயங்கால மணிவரை ஏலம் போடுகிற ஹெப்சி டீச்சர். போன வருஷம் ஜூன் மாசம் வேலைக்கு வந்தவள். வந்து ஒரு வருஷம்தான், அதற்குள் ப்ளஸ் டூ கணக்கு யாருக்கு என்று ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டாள். பதினாலு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. ப்ளஸ் டூ ஏ என்றால் செண்பகவல்லி. கோவில்பட்டியில் பொண்ணைக் கணக்கு குரூப்பில் சேர்க்கிற தகப்பனுக்கெல்லாம் தெரியும். இப்போது ‘மாதிரி வகுப்பு’ என்று இவளை ஒரு பாடம் நடத்தச் சொல்லி, அதைப் பார்த்துவிட்டு எச்.எம். முடிவு சொல்லப்போகிறாராம். என்ன பார்க்கப்போகிறார்? சரித்திரம் படித்த அம்மா, பானிபட் போர் எத்தனை என்று கேட்டால் சொல்வார், பரவளையத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

ஹெப்சிபா கட்டம் போட்ட சுருள் பலகையைக் கரும்பலகை மேலே தொங்கவிட்டிருந்தாள். அதன் மேலே ஒரு கண்ணாடித் தாள், அந்தத் தாளில் எக்ஸ் ஸ்கொயரின் வரைபடமான பரவளையம், சிவப்பு மார்க்கரில், ஒரு கிண்ணம் மாதிரி. அதைக் காலையில் ஸ்டாஃப் ரூமில் வைத்து வரைந்ததைச் செண்பகவல்லி பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று டிபன் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே பார்த்தாள். ஒரே இழுப்பு. இடது பக்கம் மேலே வைத்த மார்க்கர் கீழே வழுக்கி, அடியில் திரும்பி, வலது பக்கம் மேலே போய் நின்றது, இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல. இருபத்து மூன்று வருஷ சர்வீஸில் செண்பகவல்லிக்கு ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை. அவள் புள்ளி வைப்பாள். மைனஸ் மூன்றுக்கு ஒன்பது, மைனஸ் இரண்டுக்கு நாலு என்று அட்டவணை போட்டு, புள்ளி புள்ளியாக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சேர்ப்பாள். அப்படியும் அவள் கிண்ணம் ஒரு பக்கம் நசுங்கித்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி அவள் வரைந்ததைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, பாத்திரம் கீழ விழுந்திருச்சா?” என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்தது இப்போதும் கன்னத்தில் வலிக்கிறது. அதற்கப்புறம் வீட்டில் பழைய காலண்டரின் பின்பக்கமெல்லாம் பரவளையமாக வரைந்து பழகிப் பார்த்தாள், வரவில்லை, சில பேருக்குக் கோலம் வராது, அது மாதிரி என்று விட்டுவிட்டாள். இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது? கையில் என்ன வைத்திருக்கிறாள்? மெலிசான கை, ஒற்றை வளையல், அந்தக் கை மேலே போகும்போது நாற்பத்தொரு தலையும் மேலே போகிறது. என் கை மேலே போனால் ஜாக்கெட் அக்குளில் வியர்வை தெரியுதா என்றுதான் எனக்கே நினைப்பு ஓடும்.

“இப்ப வெளியில மூணு கூட்டுறேன். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் மூணு. கிண்ணம் எங்க போகும்?” “மேல டீச்சர்!” தாள் மூன்று கட்டம் மேலே போனது. “மூணு கழிச்சா?” “கீழ!” தாள் கீழே இறங்கியது. இதில் என்ன பெரிய வித்தை, இதை நான் வாயாலேயே சொல்வேன், தாள் எதற்கு, டேப் எதற்கு, இது என்ன பொம்மலாட்டமா என்று செண்பகவல்லி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மாணவியர் பங்கேற்பு என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதினாள். மிகவும் என்று முன்னால் சேர்க்க இடம் இருந்தது. சேர்க்கவில்லை. “சரி, இப்ப உள்ள கழிக்கிறேன். அடைப்புக்குள்ள எக்ஸ் மைனஸ் ரெண்டு, ஹோல் ஸ்கொயர். இப்ப?” வகுப்பு குழம்பியது. இடது என்று பாதிப் பிள்ளைகள், வலது என்று போன வாரமே புத்தகத்தைப் புரட்டிவிட்ட இரண்டு மூன்று பிள்ளைகள். வா, இப்போது வசமாக மாட்டினாயா என்று செண்பகவல்லி நிமிர்ந்தாள். இந்த இடத்தில்தான் எல்லா வருஷமும் வண்டி நிற்கும். கழித்தால் இடது பக்கம்தானே போகணும், ஏன் டீச்சர் வலது பக்கம் போகுது? ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது எழுந்து கேட்கும். அவள் என்ன சொல்வாள்? உள்ளே இருந்தா எல்லாம் எதிராப் போகும், வெளியே இருந்தா நேராப் போகும், மனப்பாடம் பண்ணு, உட்காரு. இருபத்து மூன்று வருஷமும் அதேதான். பிள்ளைகள் மனப்பாடம் பண்ணின, நூறு வாங்கின, போய்ச் சேர்ந்தன. ஹெப்சிபா தாளைத் தொடவே இல்லை. “காலைல எட்டு மணிக்கு உங்களுக்கு பஸ்சு. உங்க வீட்டுக் கடிகாரம் ரெண்டு மணி நேரம் ஸ்லோ. கடிகாரம் எட்டு காட்டும்போது நீங்க ஸ்டாண்டுக்கு வாரீங்க. நிஜத்துல மணி என்ன?” “பத்து டீச்சர்!” “ஏன் பத்து? கடிகாரம் ரெண்டைக் கழிச்சுத்தானே காட்டுது?” அப்புறம் ஒவ்வொரு பெஞ்சாக ஆ, ஓ என்று ஒரு சத்தம், அடுப்பில் பால் பொங்கி வருகிற மாதிரி. “கழிச்சுக் காட்டுறதால நாம லேட்டா வாரோம். அதே மாதிரிதான், உள்ள ரெண்டு கழிச்சா கிண்ணமும் ரெண்டு கட்டம் லேட்டா வரும். லேட்டுன்னா எந்தப் பக்கம்?” “வலது பக்கம்!” தாள் இரண்டு கட்டம் வலது பக்கம் நகர்ந்தது.

செண்பகவல்லி பேனாவை மூடி வைத்தாள். இவ்வளவுதானா? ஒரு கடிகாரம். ஒரு பஸ். இது ஏன் எனக்குத் தோணலை? என் வீட்டிலும் கடிகாரம் இருக்கிறது, நானும் இருபத்து மூன்று வருஷமாக பஸ் ஏறித்தான் வருகிறேன். அவளுக்கே அந்தக் காரணம் இப்போதுதான் சரியாகப் புரிந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. கல்யாணி என்றொரு பிள்ளை பத்து வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு நச்சரித்து, கடைசியில் அவளை வெளியே நிற்க வைத்தது ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும். எச்.எம். ‘ஆகா’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். சரித்திரக்காரருக்கே புரிந்துவிட்டதாம்! மஞ்சள் தாளில் பேனா பரபரவென்று ஓடுகிறது. என்ன எழுதுகிறார்? எட்டிப் பார்க்கலாம், பார்த்தால் கேவலம். பார்த்தாள். ‘மிகச் சிறப்பு’ என்பது மட்டும் தெரிந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் என்று ஒரு சத்தம் போட்டது. காளீஸ்வரியின் பையிலிருந்து எலுமிச்சம் சாதத்து வாசனை. அந்த மனு வேறு ஞாபகத்துக்கு வந்தது. வராமல் இருக்குமா, அது பதினைந்து நாளாக ஞாபகத்தைவிட்டுப் போனால்தானே. ஹெப்சிபாவிடம் போன வருஷம் ப்ளஸ் ஒன் படித்துவிட்டு இப்போது ப்ளஸ் டூ வந்த பிள்ளைகள் எச்.எம்.முக்கு எழுதினது. எங்களுக்குக் கணக்குப் பாடத்தை ஹெப்சி டீச்சரே தொடர்ந்து நடத்த வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கீழே முப்பத்தெட்டுக் கையெழுத்து. எச்.எம். அதைக் காட்டினபோது, ‘பிள்ளைக ஆசைப்படுதுக’ என்று சொல்லிச் சிரித்தார். செண்பகவல்லியும் சிரித்தாள், அவளுக்கு எது வருகிறதோ இல்லையோ, சிரிப்பு வந்துவிடும். பணிவுடன்! என்மேல் ஒரு குறை சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். டீச்சர் திட்டுறாங்க, டீச்சர் அடிக்காங்க என்று எழுதியிருந்தால் ஒரு கை பார்த்திருக்கலாம். ஒரு வார்த்தை என்னைப் பற்றி இல்லை. நான் இருக்கிறேன் என்பதே அந்தத் தாளில் இல்லை.

இந்த நாப்பத்தொரு பிள்ளையும் அடுத்த வருஷம் மேலே வரும், அவையும் ஒரு மனு எழுதும். ப்ளஸ் டூ போனால் என்ன மிச்சம்? ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கமிட்டிக்காரர் ரொம்பப் பிரியமாகச் சொல்வார், ‘டீச்சர், உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்ல’ என்று. ரிசல்ட் அன்றைக்கு நூறு வாங்கின பிள்ளைகள் நடுவில் நாற்காலி போட்டு டீச்சரை உட்கார வைத்து, மாலையைப் போட்டு, கொடிக்கம்பத்துக்குக் கீழே படம் எடுப்பார்கள். பதினாலு படம் வீட்டு ஹாலில் வரிசையாக மாட்டியிருக்கிறது. பதினைந்தாவதற்கு ஆணி அடித்தாயிற்று. வெறும் ஆணி. அவள் வீட்டுக்காரர், மின்சார வாரியத்தில் கணக்கர், அதில் துண்டு தொங்கப் போடுகிறார். வீட்டுக்காரரை நினைத்ததும் இன்னொரு எரிச்சல் வந்தது, இது எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் போனைக் காதோரம் வைத்துக்கொண்டு எதையோ பார்த்தார். உள்ளே ஒரு குரல். அந்தக் குரல்! அவள் கரண்டியோடு வந்து நின்றாள். ஹெப்சிபா வீட்டிலிருந்து சார்புக் கணக்கு நடத்தி எடுத்துப் போடுகிற வீடியோ. “உங்க ஸ்கூல் புள்ளைதானே இது? என்ன அழகாச் சொல்லுது பாரேன், எனக்கே புரியுது” என்றார். அவருக்கே புரிகிறதாம். இருபத்து நாலு வருஷமாக இந்த மனுஷனுக்கு நான் எதைச் சொல்லிப் புரிந்தது? பாலில் தண்ணி கலந்து ஊத்துகிறான், பால்காரனை மாத்தணும் என்றால் புரியாது. என் அக்கா மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போகணும் என்றால் புரியாது. சார்பு புரிகிறதாம், சார்பு! அன்றைக்குப் பருப்பில் உப்பில்லாமலே இறக்கி வைத்தாள். அதையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார், அதுவும் அவருக்குப் புரியவில்லை. வீடியோவைப் பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அவள் படுக்கப் போகும் முன் தானும் பார்த்தாள், பதினோராயிரத்து ஒன்று. எங்கேயாவது ஒரு தப்பு இருக்கும் என்றுதான் பார்த்தாள். நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி ஓட்டி. இல்லை. ஒரு கூட்டல் பிழைகூட இல்லை. இவள் மேல் எனக்கு என்ன பகை? இவள் என்னிடம் ஒரு நாளும் மரியாதை குறைவாகப் பேசினதில்லை. டீச்சர் டீச்சர் என்று எழுந்து நிற்பாள். எழுந்து நிற்காமல் இருந்து தொலையேன், நானும் நிம்மதியாக உன்னை வெறுத்துக்கொள்வேன். என்னையே ஒரு கண்ணாடித் தாளில் வரைந்து பதினெட்டுக் கட்டம் இடது பக்கம் தள்ளினால் முப்பத்தொரு வயசு வரும். அங்கே இவள் இருக்கிறாளே, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துமா? பொருந்தாது. முப்பத்தொன்றிலும் நான் புள்ளி வைத்துத்தான் வரைந்தேன். நகர்த்தினாலும் நசுங்கின கிண்ணம் நசுங்கின கிண்ணம்தான்.

“…அப்போ எத்தனை கட்டம்?” “மூணு டீச்சர்!”

செண்பகவல்லி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எவ்வளவு நேரம் ஓடிப்போனது? தாள் மாறியிருந்தது. பழைய கிண்ணத்தைக் காணோம், அந்த இடத்தில் வேறொரு தாள், அதில் ஒடுங்கிப்போன கிண்ணம், டம்ளர் மாதிரி. சரி, எக்ஸை இரண்டால் பெருக்கியிருக்கிறாள், பெருக்கினால் படம் பாதியாகச் சுருங்கும், அது சரி. பலகை ஓரத்தில் கேள்வி எழுதியிருந்தது: அடைப்புக்குள் டூ எக்ஸ் மைனஸ் ஆறு, ஹோல் ஸ்கொயர். அதற்குக் கீழேயும் என்னவோ ஒரு வரி, ஹெப்சிபாவின் தோள் மறைத்தது. ஹெப்சிபா அந்தத் தாளைப் பிடித்து நகர்த்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்தினாள். டேப்பை ஒட்டினாள். செண்பகவல்லியின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. மூன்றா? ஆறு போட்டிருக்கிறாயே அம்மா, உள்ளே இருக்கிறது ஆறு, ஆறு கட்டமல்லவா நகர்த்தணும்? உள்ளே என்ன எண்ணோ அதை அப்படியே நகர்த்து, அவள் நோட்டில் கட்டம் கட்டி எழுதி வைத்திருக்கிற வரி, பதினாலு வருஷ நூறுகள் அந்த வரியில்தான் வந்தன. தப்பு. அவள் தப்பு பண்ணிவிட்டாள். ஹெப்சி டீச்சர் எல்லார் முன்னாலும், எச்.எம். முன்னாலும், தப்பு பண்ணிவிட்டாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் மாதிரி வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு: தப்பைப் பார்த்தால் தாளில் எழுதினால் மட்டும் போதாது, அங்கேயே கையைத் தூக்கிச் சொல்லிவிடணும், பிள்ளைகள் தப்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. கை தானாகவே மேலே போய்விட்டது. வியர்வை தெரியுதா என்று நினைக்கக்கூட இல்லை.

“டீச்சர், ஒரு நிமிஷம். உள்ள ஆறுதானே இருக்கு? ஆறு கட்டம்லா நகரணும்? நீங்க மூணு போட்டிருக்கீங்க.”

நாற்பத்தொரு தலையும் திரும்பியது. ஹெப்சிபா தாளின் மேலே வைத்த விரலை எடுக்கவில்லை. “டீச்சர், அது…” என்று ஆரம்பித்தாள். பலகையைப் பார்த்தாள். செண்பகவல்லியைப் பார்த்தாள். எச்.எம். கையில் நின்றுபோன பேனாவைப் பார்த்தாள். அப்புறம் அந்த முகத்தில் ஏதோ ஒன்று அடங்கினது. “ஆமா டீச்சர். சாரி. ஆறுதான். எல்லாரும் மாத்திக்கோங்க” என்று டேப்பைப் பிய்த்து, தாளை இன்னும் மூன்று கட்டம் தள்ளி ஒட்டினாள். நாற்பத்தொரு ரப்பர் தேய்க்கிற சத்தம் எழுந்தது. ஐயோ, என்ன ஒரு சத்தம்! காது குளிரக் கேட்டாள் செண்பகவல்லி. உடம்பெல்லாம் சூடு பரவியது. பரவளையத்தை ஒரே இழுப்பில் இழுத்தால் போதுமா, விஷயம் தெரிய வேண்டாமா? எச்.எம். பக்கம் சாய்ந்து, வாயை மஞ்சள் தாளால் மறைத்துக்கொண்டு, “நல்ல வேளை நீங்க இருந்தீங்க டீச்சர். என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவம்தான். ப்ளஸ் டூ உங்ககிட்டயே இருக்கட்டும், செகரட்டரிகிட்ட நான் சொல்லிர்றேன்” என்றார். அவ்வளவுதான். முடிந்தது. பதினைந்து நாள் எரிச்சலுக்கு ஒரே ஒரு வரியில் தண்ணீர். ஹாலில் அந்த ஆணியிலிருந்து துண்டை எடுக்கச் சொல்லணும். இன்றைக்கே சொல்லணும். முதல் வேலையாக அந்த முப்பத்தெட்டுக் கையெழுத்துக்காரிகளுக்கு ஒரு டெஸ்ட் வைக்கணும். அவள் பேனாவைத் திறந்து, ‘பிழை இருப்பின்’ கட்டத்தில், அழகாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: ‘ஆறு அலகு நகர்த்துவதற்குப் பதிலாக மூன்று அலகு.’ சும்மா எழுதினால் போதாது, கணக்கு டீச்சர் எழுதினால் சரிபார்த்து எழுதணும். ஓரத்தில் பென்சிலால் போட்டாள். ஆறில்தான் கிண்ணம் தரையைத் தொடும், அங்கே மதிப்பு பூஜ்யம் வரணும். இரண்டு ஆறு பன்னிரண்டு. பன்னிரண்டில் ஆறு போக ஆறு. ஆறை ஆறால் பெருக்கினால் முப்பத்தாறு.

முப்பத்தாறா? திரும்பப் போட்டாள். இரண்டு ஆறு பன்னிரண்டு. இரண்டு ஆறு பன்னிரண்டுதானே? மூன்றைப் போட்டாள். இரண்டு மூன்று ஆறு, ஆறில் ஆறு போக பூஜ்யம். பூஜ்யம். மூன்றில்தான் பூஜ்யம். எப்படி, என் நோட்டில் ஆறுதானே, உள்ளே இருக்கிற எண்ணை அப்படியே… அப்படியே நகர்த்து, *பிறகு* சுருக்கு. பிறகு! என் வழியில் முதலில் ஆறு நகர்த்தி, அப்புறம் சுருக்குவோம், சுருக்கும்போது அந்த ஆறும் பாதியாகி மூன்றுக்கு வந்து நிற்கும். இவள் முதலிலேயே சுருக்கிவிட்டாள். சுருக்கின பிறகு மூன்றுதான். ஹெப்சிபா பலகையைவிட்டு விலகியிருந்தாள், இப்போது அந்தக் கீழ் வரி பளிச்சென்று தெரிந்தது: இரண்டை வெளியே எடுத்து, உள்ளே எக்ஸ் மைனஸ் மூன்று. இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் உப்பில்லாத பருப்பை நினைத்துக்கொண்டிருந்தபோது இதை வரிவரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். யாருக்காவது தெரிந்திருக்குமா? எச்.எம்.முக்குத் தெரியாது, அவர் பானிபட். பிள்ளைகளுக்கு? பிள்ளைகள் எழுதிவிட்டன, டீச்சரே சொன்ன பிறகு என்ன. சும்மா இருந்துவிட்டால்? இன்னும் ஏழு நிமிஷம்தான் மணிக்கு. ஒரு கணக்கு, ஒரே ஒரு கணக்கு, பரீட்சையில் இது வரவா போகிறது? அப்போது அவள் முட்டிக்கு நேர் முன்னால் ஒரு கை மேலே போனது. காளீஸ்வரி. பாவி மகளே, உட்காருடி என்று செண்பகவல்லி மனசுக்குள் கும்பிட்டாள். “டீச்சர், ஆறு போட்டுப் பாத்தேன், முப்பத்தாறு வருது டீச்சர். ஜீரோ வரல.” ஹெப்சிபா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “அத நாளைக்குப் பாப்போம், காளீஸ். இப்ப நோட்ட மூடி வையி” என்றாள். சொல்லும்போது கடைசி பெஞ்சைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்கக் கழுத்தைக் கவனமாகத் திருப்பி வைத்திருந்தாள். அப்போதுதான் செண்பகவல்லிக்கு விளங்கியது. இவளுக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் தாளை ஆறுக்குத் தள்ளினாள்.

மணி அடித்தது. எச்.எம். எழுந்து, “நல்லா எடுத்தீங்க ஹெப்சிபா, சின்னத் தப்புதான், யாருக்கும் வாரதுதான்” என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் போனார். ஹெப்சிபா மஞ்சள் தாளை வாங்க வருகிற மாதிரி கடைசி பெஞ்சுக்கு வந்தாள். குனிந்தாள். சோப்பு வாசனை. முகத்தில் கோபம் இருக்கிறதா என்று செண்பகவல்லி தேடினாள். ஒரு துளி இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு தானும் சண்டைக்கு ஏறிவிடலாம். இல்லை. “மூணுதான் டீச்சர்” என்றாள் ஹெப்சிபா, உதடு அசையாத குரலில். “எச்.எம். முன்னாடி வேண்டாம்னு விட்டுட்டேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க. நாளைக்கு நானே பிள்ளைககிட்ட, நான்தான் குழம்பிட்டேன், மூணுதான்னு சொல்லி மாத்திர்றேன். உங்க பேரு வராது.”

உங்க பேரு வராது. செண்பகவல்லி அந்த வார்த்தையை அப்படியே விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. நன்றி வரணுமே, வரவில்லை. வெட்கம் வரணும், அது வந்தது, ஆனால் அதையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது, பதினைந்து நாளில் இல்லாத அளவுக்கு, கண் காந்துகிற அளவுக்கு. கையெழுத்து உனக்கு. கிண்ணம் உனக்கு. கடிகாரம் உனக்கு. முப்பத்தெட்டுப் பிள்ளையும், என் வீட்டு மனுஷனின் காதும் உனக்கு. இப்போது இந்த நல்ல மனசும் உனக்கா? நாளைக்கு இதே இடத்தில் நின்று என் தப்பை உன் தலையில் போட்டுக்கொண்டு நீ சிரிப்பாய், காளீஸ்வரிக்கு எல்லாம் புரியும், அவள் நாற்பது பேரிடம் சொல்வாள், அப்புறம் உன்னைப் பிள்ளைகள் கோயிலே கட்டிக் கும்பிடும். நான் ப்ளஸ் டூ நாற்காலியில், மாலையைப் போட்டுக்கொண்டு, நீ போட்ட பிச்சையில் உட்கார்ந்திருப்பேனா? ஒன்றாவது மிச்சம் வையேன் எனக்கு! முட்டி பெஞ்சில் இடித்தது, வலித்தது, அவள் எழுந்துவிட்டாள். “எல்லாரும் உக்காருங்க” என்று சத்தம் போட்டாள். இருபத்து மூன்று வருஷக் குரல், அதை யாரும் மீறினதில்லை. பையைத் தூக்கின பிள்ளைகள் டொப்பென்று உட்கார்ந்தன. வாசலில் எச்.எம். நின்று திரும்பினார். செண்பகவல்லி பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து முன்னால் போனாள். டேப்பைப் பிய்த்தாள். தாள் கோணியது, அதை நிமிர்த்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணி இடது பக்கம் கொண்டுவந்து ஒட்டினாள்.

“ஆறு இல்ல. மூணு. ஹெப்சி டீச்சர் முதல்ல போட்டதுதான் சரி. நான் பாடத்தைக் கவனிக்காம இருந்துட்டு, தப்பாச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. காளீஸ்வரி, நீ கேட்டது சரி. எல்லாரும் அழிச்சிட்டு எழுதுங்க.”

மறுபடியும் நாற்பத்தொரு ரப்பர். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் நின்றாள். எச்.எம். கையிலிருந்த மஞ்சள் தாளைப் பார்த்தார், அப்புறம் பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார். அது எந்த வரி என்று செண்பகவல்லி எட்டிப் பார்க்கவில்லை, தெரியும். ப்ளஸ் டூ போயிற்று. ஓடிப்போய் அந்தப் பேனாவைப் பிடுங்கலாமா என்று ஒரு கணம் இருந்தது. ஹெப்சிபா பலகை அருகில் வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது அவளுக்கு. அழுதால்கூட இவளுக்கு மூக்கு சிவக்காது போலிருக்கிறது.

“தேங்க்ஸ் டீச்சர்” என்றாள். “எனக்காக நீங்க…”

“உனக்காகவா?” என்றாள் செண்பகவல்லி. “நீ நாளைக்கு இங்க நின்னு நல்லவளா ஆகியிருப்ப. அதப் பாக்க என்னால முடியாது.”